நின்றவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவள்

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். ஈப்போவில் எங்கள் இங்கிலீஷ் பேச்சு மன்றத்தில் அவள் பெயரை எடுத்தாலே போதும், இன்றைக்கும் யாராவது ஒருவர் "ஆஹா, அந்தப் பொண்ணா!" என்று ஆரம்பித்துவிடுவார். என் கையாலேயே அந்தப் பெயரை எழுதி, அதற்கும் ஒரு கைதட்டல் வாங்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வயிற்றெரிச்சல்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் எவ்வளவு நஷ்டப்பட்டேன் என்று உங்களுக்குப் புரியும். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்தான். ஆனால் என்னை டவுனில் கொண்டுவந்து போட்டு, பட்டினி கிடந்தாவது இங்கிலீஷ் படிக்க வைத்தார். என் இங்கிலீஷ் சலவை செய்து இஸ்திரி போட்ட இங்கிலீஷ். எங்கள் மன்றம் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெயின்ட் கடையின் மேல்மாடியில் கூடும். ஆஸ்பத்திரித் தாதி, வங்கி அதிகாரி, காடிக்கு, அதாவது காருக்கு, உதிரிபாகம் விற்கும் சிங், ஓய்வுபெற்ற ஆசிரியரான எங்கள் தலைவர் மிஸ்டர் லோ என்று வீட்டில் வேறு வேறு மொழி பேசுகிற ஆட்கள் உட்கார்ந்து, இங்கிலீஷில் மேடை ஏறிப் பழகுகிற இடம். தின்னர் வாசனை தலைக்கேறும். அந்த வாசனையில் வருஷா வருஷம் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தவன் நான்.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது கோப்பை இல்லை. என் மனைவி சுமதி.

சிரிக்காதீர்கள். சுமதி தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இங்கிலீஷ் புரியும், வாய் மட்டும் திறக்க மாட்டாள். போட்டிக்கு முன்னால் நான் கூடத்தில் நின்று முழுப் பேச்சையும் அவள் முன்னால் பேசிப் பார்ப்பேன். கையை விரிப்பேன், குரலை இறக்குவேன், ஏற்றுவேன். அவள் நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருப்பாள். முடிந்ததும் "நல்லாருக்குங்க" என்பாள். தலை நிமிராது. கோலாலம்பூர் வரைக்கும் போய் முன்பின் தெரியாதவனையெல்லாம் எழுந்து நின்று கைதட்ட வைத்தவன் நான்; சொந்த வீட்டில் ஒரு நெத்திலியை ஜெயிக்க முடியவில்லை. மன்றத்துக்கு வா வா என்று கூப்பிடாத வருஷம் இல்லை. "எனக்கெதுக்குங்க அதெல்லாம்?" ஒரே ஒரு தடவை, நான் பேசும்போது அவள் கைவேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து, அட இது என் புருஷனா என்கிற மாதிரி என்னைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பெரிய ஆசையா, சொல்லுங்கள்?

இந்த நிலைமையில்தான் நான் பெயர் சொல்லாத அவள் மன்றத்தில் வந்து சேர்ந்தாள்.

குள்ளமான பெண். முப்பத்தைந்து, நாற்பது இருக்கும். காலணி முழுக்கச் செம்மண். கோப்பெங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை அழித்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீடுகளை விற்றுக் கொடுக்கும் வேலை அவளுக்கு. அவள் பிறந்ததும் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தானாம். அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும் என்று நான் காத்திருந்தேன். அவளோ, "எங்க வீடு இருந்த எடம் இப்ப கார்னர் லாட் அண்ணே. நல்ல வெலை போகும்" என்றாள்.

புதிதாக வருகிறவர்கள் அங்கேயே ஒரு தலைப்பை எடுத்து, யோசிக்காமல் கொஞ்ச நேரம் பேச வேண்டும். அவளுக்கு 'மழை' என்று வந்தது. எங்கள் மன்றத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. பேச்சுக்கு நடுவே 'ஆ', 'எம்', 'லா' என்று இழுத்தால், அதற்கென்றே உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் மேசை மணியைத் தட்டுவார். பேசுகிறவர்கள் வெட்கப்பட்டுத் திருத்திக்கொண்டு மேலே போவார்கள். இவள் வாயைத் திறந்தாளோ இல்லையோ, 'லா' கொட்டியது. மணி அடித்தது. உடனே பேச்சை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பி, "யெஸ் அங்கிள்?" என்றாள்.

அவர் திகைத்துப்போய் ஒன்றுமில்லை என்று கையசைத்தார். மறுபடியும் 'லா'. மறுபடியும் மணி. "யெஸ் அங்கிள்?" யாரோ தன்னிடம் ஏதோ கேட்கிறார்கள் என்றுதான் அவள் கடைசிவரை நினைத்தாள். மழையைப் பற்றி அவள் சொன்னது ஒரு வரிகூட யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, அந்தப் பெரியவர் உட்பட. நானும் சிரித்தேன். இந்தப் பொண்ணு தேறாது என்று அன்றைக்கு நிம்மதியாகப் பிசாங் கோரெங், அதான் வாழைப்பழ பஜ்ஜி, தின்றேன்.

அவளை முழுதாகப் பார்த்தது முதல் விவாதத்தன்று. இரண்டு அணி, ஆளுக்கு ஏழு நிமிஷம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரணிக்காரர் குறுக்குக் கேள்வி கேட்க விரும்பினால் எழுந்து கையை நீட்டிக்கொண்டு நிற்பார். பேசுகிறவர் விரும்பினால் "யெஸ், ப்ளீஸ்" என்று அனுமதிக்கலாம். விரும்பாவிட்டால் உள்ளங்கையைக் கீழே காட்டி, உட்காரச் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குப் போகலாம். கேள்விக்கு ஆகும் நேரம் பேசுகிறவர் கணக்கில் போகும். அதனால் கெட்டிக்காரர்கள் ஒன்றிரண்டைத்தான் எடுப்பார்கள். கையைக் கீழே காட்டுவதற்கும் ஒரு தோரணை வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பழகிய தோரணை என்னுடையது.

அன்றைக்கு அவள் என் அணி. என் தலையெழுத்து. அவள் பேச ஆரம்பித்ததும் எதிரணியிலிருந்து தாதி எழுந்து நின்றார். நம் ஆள் உடனே நிறுத்தி, "ப்ளீஸ் சிட், சிஸ்டர். சிட் அண்ட் ஆஸ்க்" என்றாள். உட்கார்ந்துகொண்டு கேட்கச் சொல்கிறாளாம்! விதிப்படி நின்றுதான் கேட்க வேண்டும் என்று மிஸ்டர் லோ விளக்கினார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. கேள்வி முடிவதற்குள் அடுத்தவர் எழுந்தார். "யெஸ்." அதற்கடுத்தவர். "யெஸ்." எழுந்தவர்களையெல்லாம் எடுத்தாள். நேரம் முடிந்தபோது அவள் முதல் கருத்தையே தாண்டவில்லை. மண்ணைக் கவ்வினோம்.

கீழே இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, அவங்க ஒன்னைக் குழப்பத்தான் நிக்கிறாங்க. கையைக் காட்டி உக்கார வச்சிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்."

"எப்படிண்ணே? ஒரு ஆளு எழுந்து நிக்கிது. கேக்கணும்னு நிக்கிது. அதை நிக்க வச்சிட்டு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தா, யாருகிட்டப் பேசுறேன்?"

"ஜட்ஜுகிட்ட."

"அவரு சும்மா உக்காந்திருக்காரே. இவங்கதானே கேக்குறாங்க."

தலையில் அடித்துக்கொண்டு என் காடியை எடுத்தேன்.

இந்தக் குணம் விவாதத்தோடு நிற்கவில்லை. அவளோடு சாப்பிடப் போனால் சாப்பாடு ஆறிப்போகும். கடைப் பையன் ஏதாவது கேட்பான், பக்கத்து மேசைக் கிழவர் வழி கேட்பார், லாட்டரிச் சீட்டு விற்கிற சீன அம்மா பேச்சுக் கொடுப்பார். எல்லாருக்கும் முழுசாகப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் வாயில் சோறு போகும். கூட்டத்துக்கு நேரத்தோடு வந்ததே இல்லை. காரணம் கேட்டால், "வர்ற வழியில ஒருத்தரு நின்னாரு" என்பாள். தாமதமாக வந்தால் எனக்குக் கோபம் வரும். அவள் உள்ளே நுழைந்ததும் அறையே நிமிர்ந்து உட்காரும், அதற்கு இன்னும் கோபம் வரும்.

இரண்டாவது விவாதத்திலும் அவள் திருந்தவில்லை. ஆனால் தோற்கவும் இல்லை. எல்லாக் கேள்வியையும் எடுத்தாள், நேரமும் சரியாக முடிந்தது. எப்படி என்று கேட்டேன்.

"பாதிதான் எழுதிட்டு வந்தேண்ணே."

"மீதி?"

"மீதியை அவங்க கொண்டு வருவாங்க லா."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். நான் ஒவ்வொரு வரியையும் எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்து, எங்கே நிறுத்துவது எங்கே மூச்சு விடுவது என்றுகூடத் தீர்மானித்து வருகிறவன். இவள் அரைப் பேச்சோடு வருவாளாம், பாக்கியை எதிராளி கொண்டுவந்து கொடுப்பானாம்! அதற்குப் பிறகு எதிரணிக்காரர்கள் அவள் பேசும்போது எழுந்திருக்கவே பயந்தார்கள். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "யாருக்கும் ஒன்னும் கேக்கணும்னு இல்லையா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டு நிற்பாள். அந்த வருத்தத்துக்கும் மார்க் போட்டார்கள். அநியாயம்.

அந்த வருஷத்துக் கோப்பைக்கான போட்டியில் நானும் அவளும் எதிரெதிரே. எங்கள் பேரா மாநில இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் போவது நல்லது என்பது தலைப்பு. போவதே நல்லது என்று நான். வேண்டாம் என்று அவள். நான் என்னுடைய ஏழு நிமிஷத்தை ஒரு பிசிறு இல்லாமல் முடித்தேன். சிங் "சபாஷ்" என்று தொடையில் தட்டினார். அவள் முறை வந்தபோது நான் எழுந்து கையை நீட்டினேன். எடுப்பாள் என்று தெரியும். அவளை முடித்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். "ஈப்போவில் வேலை இல்லை. அது உங்களுக்கே தெரியும். போகாதே என்று சொல்கிற நீங்கள், அந்தப் பையனுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்?"

அவள் யோசித்தாள். மேடையில் யோசிக்கக் கூடாது என்பது பாலபாடம். இவள் எல்லார் முன்னாலும் நின்று நிதானமாக யோசித்தாள். பிறகு அவளுடைய உடைந்த இங்கிலீஷில் சொன்னாள். தமிழில் எழுதினால் இன்னும் அழகாகிவிடும் என்று பயமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். "உண்மை. ஒன்றும் கொடுக்க முடியாது. என் தம்பியும் சிங்கப்பூரில் லோரி ஓட்டுகிறான். அவன் அனுப்பியதில்தான் அம்மா துணி துவைக்கும் மெஷின் வாங்கினார். வீட்டில் எல்லார் துணியும் அதில் போகிறது. அவன் சட்டை மட்டும் இல்லை."

அவ்வளவுதான். அதோடு நிறுத்திவிட்டு, "நெக்ஸ்ட்?" என்று சுற்றிப் பார்த்தாள். கீழே கடையில் பெயின்ட் டின் குலுக்கும் மெஷின் ஓடுவது கேட்டது. தாதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு மகன் சிங்கப்பூரில்.

கோப்பை அவளுக்குப் போனது. போகட்டும். ஆனால் இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டை வாக்கியம் அவள் எழுதிக்கொண்டு வந்ததில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பிறந்தது. நான் எழுந்து நிற்காவிட்டால் அது இந்த உலகத்திலேயே இருந்திருக்காது. அப்படியானால் பாதிக் கோப்பை எனக்குச் சேர வேண்டாமா? மிஸ்டர் லோவிடம் இதை விளையாட்டாகச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். முதுகில் தட்டுவதைப் போல ஒரு அவமானம் கிடையாது.

இவளுக்கு ஏன் இந்தக் குணம் என்று நான் பலநாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். ஒருநாள் பிடிபட்டது மாதிரி இருந்தது. தோட்டத்து ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நம் சனம் கால்கடுக்க நிற்கும். உள்ளே கணக்கெழுதும் கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். என் அப்பா அப்படி நின்றிருக்கிறார். இவளுடைய அம்மாவும் நின்றிருப்பார். அதைப் பார்த்து வளர்ந்த பெண், நிற்கிற யாரையும் காக்க வைக்க மாட்டாள். எவ்வளவு அருமையான காரணம்! ஒரு பேச்சுக்கே முடிவுரையாக வைக்கலாம். கோப்பிக் கடையில் அவளிடமே சொன்னேன்.

அவள் யோசித்துப் பார்த்தாள். "அப்படியெல்லாம் ஒன்னும் இல்லண்ணே. எங்கம்மாவுக்குக் கிராணி தூரத்துச் சொந்தம், உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பாரு. எனக்கு உயரம் பத்தாதுல்ல. ஆளுங்க நின்னாக் கழுத்து வலிக்குது."

நான் கட்டிய மாளிகையை இப்படி ஒரு வரியில் இடித்துவிட்டுக் கோப்பியை உறிஞ்சினாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் முன்னால் சிரித்தால் அதுவும் அவள் கணக்கில்தான் சேரும்.

நானும் அவள் வழியில் போய்ப் பார்த்தேன், சொல்லாமல் விடுவானேன். பாரிட் புந்தாரில் ஒரு மண்டபத்தில் இன்சூரன்ஸ் விளக்கக் கூட்டம். பாதிப் பேச்சோடு போனேன். எழுந்தவர்களையெல்லாம் "யெஸ், ப்ளீஸ்" என்றேன். முதலில் எழுந்தவர் தன் மச்சானுக்கு ஏன் ஆஸ்பத்திரிச் செலவு வரவில்லை என்று கேட்டார். இரண்டாவது ஆள் தனக்கும் வரவில்லை என்றார். மூன்றாவதாக ஒரு அம்மா எழுந்து, என்னைச் சுட்டிக்காட்டிப் போன ஏஜென்டும் இப்படித்தான் அழகாகப் பேசினார் என்றார். என் மீதிப் பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. தின்பதற்கு வைத்திருந்த கறிபாப்கூடத் தீர்ந்துவிட்டது, ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

அவளிடம் சொன்னபோது ரொம்ப வருத்தப்பட்டாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருக்கலாமேண்ணே."

"இன்சூரன்ஸ் விக்கிறவன் தெரியலன்னு சொன்னா வெளங்குமா?"

"நான் சொல்றேனே. பின்னால லாட்டுல தண்ணி ஏறுமான்னு கேப்பாங்க. ஏறும்னு சொல்வேன். பஸ் வருமான்னு கேப்பாங்க. தெரியலன்னு சொல்வேன். மேனேஜர் ஏசுவாரு. ஆனா வாங்குறாங்க."

வாங்கினார்கள். அந்தத் தாமானில், அந்தப் புதுக் குடியிருப்பில், பாதி வீடு அவள் விற்றது.

இந்த இடத்தில்தான் என் வீட்டுக்குள் அவள் வருகிறாள். வரவழைத்தவனும் நானே. சொந்தமாக ஒரு வீடு பார்க்கலாம் என்று சுமதியை அழைத்துக்கொண்டு அவள் விற்கும் இடத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், நான் இங்கிலீஷில் விலை பேசுவதைச் சுமதி பார்க்கட்டும் என்றும் ஒரு எண்ணம். வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டேன். வட்டி, பத்திரச் செலவு, சுவரின் தரம் எல்லாம் பேசினேன். அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தவள், பின்கட்டில் திடீரென்று என் பேச்சுக்கு நடுவே கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "அக்கா ஏதோ கேக்கணும்னு நிக்கிறாங்க" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். சுமதி சும்மாதான் நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் தூக்கவில்லை. "இல்ல இல்ல, ஒன்னும் இல்ல" என்றாள்.

அவள் விடவில்லை. பேசவும் இல்லை. அண்ணாந்து சுமதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனியில் துடிக்கிறது. கொஞ்சம் பொறுத்துச் சுமதி வாயைத் திறந்தாள். "இங்க மத்தியானம் வெயில் விழுமா? துணி காயணும். அப்புறம்... இந்தச் சன்னலுக்குப் பக்கத்துல ஒரு மேசை போட்டா, நான் உக்காந்து தைக்கலாமான்னு பாத்தேன்."

சுமதிக்குத் தையல் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இன்னும் தைக்க ஆசை இருப்பது தெரியாது. இரண்டு பேரும் சன்னல் பக்கம் போய், வெயில் எந்த மாசம் எங்கே விழும் என்று பேச ஆரம்பித்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. விலை கட்டுப்படியாகாமல் அந்த வீட்டை நாங்கள் வாங்கவும் இல்லை. திரும்பி வரும்போது காடியில் சுமதி கேட்டாள், "என்னங்க, சனிக்கெழமை நானும் வரட்டா?"

இத்தனை வருஷம் கெஞ்சினேன். ஒருநாள் மத்தியானம் சன்னலோரம் நின்றவளுக்காக வருகிறாளாம்!

வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, அவள் பக்கத்தில். வாரத்தில் ஒருநாள் இரண்டு பேரும் கோப்பிக் கடையில் இங்கிலீஷ் பேசிப் பழகினார்கள். நான் சொல்லிக் கொடுக்கும்போது வராத இங்கிலீஷ், அங்கே எப்படி வந்ததோ. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அவ இங்கிலீஷே ஓட்டை. அவகிட்ட என்னத்தைக் கத்துக்கிற?"

சுமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நான் ஒரு வார்த்தை கெடைக்காமத் தேடுனா, நீங்க ஒடனே எடுத்துக் குடுத்துர்றீங்க. அவ குடுக்க மாட்டா. காத்துக்கிட்டு இருப்பா."

"குடுக்குறது தப்பா?"

"தப்புன்னு சொல்லல" என்று சொல்லிவிட்டு மடிப்பதைத் தொடர்ந்தாள்.

பிறகு ஒரு செய்தி வந்தது. அந்த வீடு விற்பவளுக்கு ஜொகூரில் பெரிய கம்பெனியில் வேலை, அடுத்த மாதம் போகிறாளாம். மன்றமே சோகமாகிவிட்டது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் தீபாவளி. அவள் கிளம்புவதற்கு முன்னால் கடைசி விவாதம் என்று மிஸ்டர் லோ ஏற்பாடு செய்தார். வீட்டில் பிள்ளைகளிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்பது தலைப்பு. ஆம் என்ற அணியில் நான். இல்லை என்ற அணியில், முதன்முதலாக, சுமதி. ஊருக்குப் போகிறவளோ அன்றைக்குப் பேசவில்லை. பின்வரிசையில் நேரம் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நான் அன்றைக்குப் பேசியது போல் என்றைக்கும் பேசியதில்லை. இது பெருமைக்குச் சொல்வதில்லை. சிங்கிடம் கேட்டுப் பாருங்கள். சுமதி எனக்கு நேர் எதிரே, கையில் நெத்திலியும் இல்லை, துணியும் இல்லை. தப்பிக்க வழியே இல்லாமல் என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். மொழிதான் பிள்ளைகளுக்கு நாம் விட்டுப்போகும் வீடு என்றேன். அறை முழுக்க என் கையில். அப்போது சுமதி எழுந்து நின்றாள்.

கையை நீட்டியிருந்தாள். எனக்கு அடுத்து வரவேண்டியது பேச்சிலேயே சிறந்த பகுதி. கையைக் கீழே காட்டியிருக்கலாம். ஆனால் நான் நினைத்தேன், இவள் முதல் கேள்வி, அது என்னிடம், எல்லார் முன்னாலும். என்னை நிமிர்ந்து பார்க்காமல் எப்படிக் கேட்பாள்? "யெஸ், ப்ளீஸ்" என்றேன்.

சுமதி கேட்டாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, இங்கிலீஷில். "நம் வீட்டில் நீங்கள் நிறைய இங்கிலீஷ் பேசுகிறீர்கள். பதில் சொல்வது யார்?"

அறை முழுக்கச் சிரிப்பு. கேலிச் சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. தாதி கைதட்டினார். மணி அடிக்கும் பெரியவர் மேசையைத் தட்டினார். பதில் சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. நான் சுமதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்துபோயிருந்தது. பெரிய வேலையொன்றைச் செய்துவிட்டவளின் முகம். கண் விரிந்திருந்தது. எத்தனையோ வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த அதே பார்வை, எனக்கு நன்றாகத் தெரிந்தது, இதோ வந்துவிட்டது.

வந்தது. என் மேல் ஒரு கணம்கூட நிற்காமல் அப்படியே திரும்பிப் பின்வரிசைக்குப் போனது. சுமதி அவளைப் பார்த்தாள்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அதைவிடக் கொடுமை, அவள் சுமதியைப் பார்க்கவில்லை. கடிகாரத்தை மடியில் வைத்துவிட்டு, கழுத்தை நீட்டி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிப் பார்வை எல்லாம் இல்லை. பதில் என்ன என்று அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எதையோ சொல்லிச் சமாளித்து முடித்தேன். எங்கள் அணிதான் ஜெயித்தது. சிறந்த பேச்சாளர் பரிசும் எனக்குத்தான். கீழே எல்லாரும் அவளைச் சூழ்ந்து நின்று விடைகொடுத்தார்கள். "வாரேண்ணே, அக்காவைப் பாத்துக்குங்க" என்றாள். சுமதி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பரிசை மடியில் வைத்துக்கொண்டு காடியில் காத்திருந்தேன்.

சுமதி வந்து ஏறினாள். கோயில் முனை வரைதான் பொறுக்க முடிந்தது.

"என்கிட்டதானே கேள்வி கேட்ட?"

"ஆமா."

"கேட்டுட்டு அங்க என்ன பார்வை? என் பதில் வேணாமா ஒனக்கு?"

சுமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஒங்க பதில் எனக்குத் தெரியுமேங்க. என் கேள்வி சரியா வந்துச்சான்னுதான் தெரியல."